ஏழு போதும், திசைதான் வேண்டும்

படகுக்குப் பைனாகுலர் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "இது எத்தனை மடங்கு பெரிசாக் காட்டும்?" என்பது. அந்தக் கேள்வியே பிசகு என்பது என் கட்சி. இருபது மடங்கு என்று கடைக்காரர் சொன்னதும் நம்மவர் முகம் மலர்கிறது. ஏழு மடங்கு என்றால், "ஏழுதானா?" என்று சுருங்கிவிடுகிறது. எண் பெரிதாக இருந்தால் பொருள் உசத்தி என்று நினைத்தே வளர்ந்தவர்கள் நாம். சைக்கிள் பம்பிலிருந்து செல்போன் கேமரா வரை இப்படித்தான் வாங்குகிறோம். அந்தப் பழக்கம் கடலுக்கு உதவாது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கரையை விட்டுப் போகிற சிறு படகு எதுவானாலும், மீன்பிடிக்கும் ஃபைபர் படகோ, பாய் கட்டி உல்லாசமாகப் போகும் படகோ, சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகும் படகோ, அதற்கு ஏற்றது 7×50 என்ற அளவும் உள்ளேயே காம்பஸும் கொண்ட பைனாகுலர்தான். மற்றதெல்லாம் மொட்டைமாடியில் நின்று வேடிக்கை பார்க்க உதவும்.

இதை மறுப்பவர்கள் மூன்று வகை. முதல் வகை, இருபது மடங்கு விற்கிற கடைக்காரரும் அவர் பேச்சை நம்புகிறவரும். இரண்டாம் வகை, "கையிலே செல்போன் இருக்கு, அதிலே ஜி.பி.எஸ். இருக்கு, காம்பஸ் எதுக்கு தாத்தா?" என்று கேட்கும் நம் வீட்டுப் பிள்ளைகள். மூன்றாம் வகை நம் வயதுக்காரர்கள்: "நம்ம ஊர் மீனவங்க எந்தப் பைனாகுலரை வச்சுக்கிட்டு ஆயிரம் வருஷமா கடலுக்குப் போனாங்க?" என்று ஒரே போடாகப் போடுகிறவர்கள். மூவருக்கும் தனித்தனியே பதில் இருக்கிறது.

முதலில் எண்களைப் பார்ப்போம். 7×50 என்றால் உருப்பெருக்கம் ஏழு, முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் 50 மில்லிமீட்டர். ஐம்பதை ஏழால் வகுத்தால் ஏழு சொச்சம் வரும். நம் கண்ணுக்குள் வந்து விழும் ஒளிவட்டத்தின் விட்டம் அது, மில்லிமீட்டரில். இருட்டில் இளவயதுக்காரரின் கண்பாவை சுமார் 7 மில்லிமீட்டர் வரை விரியும். ஆகவே 7×50 கொண்டுவரும் வெளிச்சம் முழுவதும் கண்ணுக்குள் போகிறது. இப்போது 20×50 என்ற பொருளை எடுங்கள். ஐம்பதை இருபதால் வகுத்தால் இரண்டரை. விடியற்காலை நாலரை மணிக்கு, இன்னும் வெளுக்காத நேரத்தில், படகுக்காரர் அதை எடுத்துக் கண்ணில் வைத்தால் பெரிய இருட்டுத்தான் தெரியும். இருட்டை இருபது மடங்கு பெரிதாக்கிப் பார்த்து என்ன பயன்?

அடுத்தது ஆட்டம். படத்தைப் பெரிதாக்கும் கண்ணாடி கை நடுக்கத்தையும் அதே மடங்கு பெரிதாக்கும். தரையில் நிற்பவருக்கே பத்து மடங்குக்கு மேல் போனால் முக்காலி வேண்டும். படகிலோ கால் ஆடுகிறது, உடம்பு ஆடுகிறது, எஞ்சின் அதிர்கிறது. இருபது மடங்கில் கப்பலின் விளக்கு ஒரு புள்ளியாக நிற்காது. மத்தாப்பு சுற்றுவது போலக் கோடு கோடாக ஓடும். ஏழு மடங்கு என்பது ஆடும் தளத்தில் நிற்கிற மனிதக் கை தாங்கக்கூடிய எல்லை. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. இரண்டாம் உலகப் போரில் எதிரெதிரே நின்ற அமெரிக்கக் கடற்படையும் ஜெர்மானியக் கடற்படையும் தம் காவல் மாலுமிகள் கையில் கொடுத்தது 7×50 தான். வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒத்துப்போனார்கள் என்றால் காரணம் இருக்க வேண்டும்.

மூன்றாவது, பார்வைப் பரப்பு. நல்ல 7×50 வழியாகப் பார்த்தால் ஆயிரம் மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 130 மீட்டர் அகலம் தெரியும். இருபது மடங்கில் அது பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். மிதவையில் கட்டிய சிறு கொடியை அலைகளுக்கு நடுவே தேடும்போது, ஊசித் துளை வழியே தேடுகிறீர்களா, சன்னல் வழியே தேடுகிறீர்களா என்பதுதான் வித்தியாசம்.

நான்காவது, பூமியே உருண்டை. படகில் நிற்பவரின் கண் நீர்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தொடுவானம் சுமார் 5 கிலோமீட்டரில் முடிந்துவிடும். அதற்கு அப்பால் உள்ள சிறு படகின் உடம்பு வளைவுக்குக் கீழே போய்விட்டது. இருபது அல்ல, இருநூறு மடங்கு வைத்தாலும் கடல்நீரை ஊடுருவிப் பார்க்க முடியாது.

இங்கே ஒரு சமத்காரமான கடைக்காரர் நம்மை மடக்கலாம். "ஐயா, எழுபது வயசிலே உங்க கண்பாவை அஞ்சு மில்லிமீட்டருக்கு மேலே விரியாது. ஏழு மில்லிமீட்டர் வெளிச்சம் வீண்தானே? பத்துக்கு ஐம்பது வாங்கிக்குங்க" என்பார். கணக்கு சரி. வயதாக ஆகப் பாவை விரிவது குறையும் என்பது உண்மை. ஆனால் அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. படகு ஆடும்போது கண்ணும் குழாயும் ஒரே நேர்க்கோட்டில் நிற்பதில்லை. ஒளிவட்டம் அகலமாக இருந்தால் கண் சற்று விலகினாலும் படம் மறையாது. குறுகலாக இருந்தால் அலைக்கு ஒரு தடவை படம் கறுத்துப் போகும். அதுவுமில்லாமல், படகில் காவல் பார்க்கப் போகிறவர் நாமா? நம் பிள்ளையும் பேரனும்தான். அவர்கள் கண்ணுக்கு ஏழு மில்லிமீட்டரும் தேவைப்படும்.

கடைக்காரர் வைத்திருக்கும் மற்ற இரண்டு வலைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, எட்டிலிருந்து இருபது மடங்கு வரை திருகக்கூடிய ஜூம் பைனாகுலர். இரண்டு குழாய்களும் எல்லா மடங்கிலும் துல்லியமாக ஒத்து நகர வேண்டும். மலிவு விலையில் அது நடக்காது. கண் வலிதான் மிச்சம். இன்னொன்று, மாணிக்கக் கல் போலச் சிவப்பாகப் பளபளக்கும் முன்கண்ணாடி. பார்க்க அழகுதான். அந்தச் சிவப்பு, உள்ளே போக வேண்டிய சிவப்பு வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் வருவது. கப்பல்களின் இடப்பக்க விளக்கு சிவப்பு என்பதை நினைத்துப் பாருங்கள். பார்க்க வேண்டிய நிறத்தையே வடிகட்டி எறியும் கண்ணாடியைக் காசு கொடுத்து வாங்கலாமா?

இனி காம்பஸுக்கு வருகிறேன். என் சண்டையின் நடுப்பகுதி இதுதான்.

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் பைனாகுலருக்கு 'ழுமெல்' என்று சொல்லிக்கொடுத்தார்கள். இரட்டைப் பிறவிச் சகோதரிகள் என்று பொருள். கடலிலிருந்து பார்த்து அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய கரைக் குறியை, அது தேவாலயக் கோபுரமோ கலங்கரை விளக்கமோ தனிப் பாறையோ, பிரெஞ்சு மாலுமிகள் 'அமேர்' என்பார்கள். ழுமெல் கொண்டு அமேரைப் பார்ப்பது பாதி வேலை. அது எந்தத் திசைக்கோணத்தில் இருக்கிறது என்று படிப்பது மீதிப் பாதி. காம்பஸ் இல்லாத பைனாகுலர் முதல் பாதியோடு நின்றுவிடுகிறது.

உள்ளே பொருத்திய காம்பஸ் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவர்களுக்காக: ஒரு குழாயின் அடியில், திரவத்தில் மிதக்கும் சிறு காந்தத் தட்டு இருக்கும். அதன் விளிம்பில் 0 முதல் 360 வரை எண்கள். நாம் தூரத்துக் கோபுரத்தைப் பார்க்கும்போதே, பார்வையின் கீழ்ப்பகுதியில் அந்த எண்ணும் தெரியும். கோபுரத்தை நடுக்கோட்டில் நிறுத்தி எண்ணைப் படித்தால் முடிந்தது. கண்ணை எடுக்க வேண்டாம், கையை மாற்ற வேண்டாம்.

இதனால் இரண்டு காரியம் ஆகும். ஒன்று, நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரியும். நம் ஊரில் 1836-இல் பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம் இருக்கிறது. 1979-இல் வந்த புதியதும் இருக்கிறது. புதிய விளக்கம் 300 டிகிரியில் தெரிகிறது, துறைமுக வாய் 240 டிகிரியில் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் அந்த இரண்டு இடங்களிலிருந்தும் அந்தந்தக் கோணத்தில் எதிர்த்திசையாகக் கோடு இழுத்தால், இரண்டும் வெட்டும் இடத்தில் நம் படகு இருக்கிறது. மூன்றாவது குறி ஒன்றும் கிடைத்தால் சிறு முக்கோணம் விழும். முக்கோணம் சிறிதாக இருந்தால் நம் அளவு நம்பத்தக்கது. பெரிதாக இருந்தால் எங்கோ தப்பு என்று அதுவே சொல்லிவிடும்.

இரண்டாவது காரியம் உயிர் சம்பந்தப்பட்டது. காரைக்காலுக்கும் சென்னைக்கும் எண்ணூருக்கும் போகிற சரக்குக் கப்பல்கள் இந்தக் கரையோரக் கடலில்தான் வருகின்றன. மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் வரும் கப்பல், 5 கடல் மைல் தூரத்தை 20 நிமிடத்தில் கடந்துவிடும். பாரம் ஏற்றிய பெரிய கப்பல் பிரேக் போட்ட பஸ் போல நிற்காது. நிற்க ஒரு மைலுக்கு மேலும் பிடிக்கலாம். அதன் மேல்தளத்தில் இருப்பவர் கண்ணுக்கு நம் ஃபைபர் படகு ஒரு துரும்பு. ஆக, மோதலைத் தவிர்க்கிற பொறுப்பு நடைமுறையில் துரும்பின் தலையில்தான் விழுகிறது.

அந்தக் கப்பல் நம்மேல் வருமா, விலகிப் போகுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 1972-இல் உருவான சர்வதேசக் கடல் மோதல் தவிர்ப்பு விதிகளில் ஏழாவது விதி அதைச் சொல்கிறது. நெருங்கி வரும் கப்பலின் காம்பஸ் கோணம் குறிப்பிடத்தக்க அளவில் மாறாவிட்டால், மோதும் ஆபத்து இருப்பதாகவே கொள்ள வேண்டும். இவ்வளவுதான். இப்போது 65 டிகிரி, மூன்று நிமிடம் கழித்தும் 65, இன்னும் மூன்று நிமிடம் கழித்தும் 65 என்றால் அந்தக் கப்பலும் நீங்களும் ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் போய்ச் சேரப் போகிறீர்கள். 65, 69, 75 என்று எண் நகர்ந்தால் அநேகமாகக் கடந்துவிடும். மிகப் பெரிய கப்பலோ, இன்னொன்றை இழுத்து வரும் கப்பலோ, மிக அருகில் வந்துவிட்ட கப்பலோ ஆனால் கோணம் மாறினாலும் ஆபத்து உண்டு என்று அதே விதி எச்சரிக்கிறது.

"இதுக்கு எதுக்கு காம்பஸ்? பாய்மரத்துக்கு நேரா கப்பல் தெரியுது, அஞ்சு நிமிஷம் கழிச்சும் மரத்துக்கு நேராவே தெரிஞ்சா மோதும், அவ்வளவுதானே?" என்று கேட்பார்கள். படகு ஒரே நேராகப் போனால் அது சரி. சிறு படகு எந்தக் காலத்தில் நேராகப் போனது? அலைக்கு அலை அதன் மூக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பத்துப் பதினைந்து டிகிரி திரும்பும். மரத்தை வைத்துப் பார்த்தால் கப்பல் நகர்ந்தது போலத் தோன்றும். உண்மையில் திரும்பியது நம் படகு. காம்பஸ் எண் படகின் மூக்கைப் பற்றிக் கவலைப்படாது. ஒன்று ஏமாற்றும், மற்றது ஏமாற்றாது.

இனி செல்போன் கட்சிக்கு வருகிறேன். ஜி.பி.எஸ்ஸை நான் பழிக்கவில்லை. அது இருப்பவர் அதை வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று பாருங்கள். 'நான் எங்கே இருக்கிறேன்?' என்பதற்கு ஜி.பி.எஸ். அருமையாகப் பதில் சொல்லும். 'அதோ தெரிகிறதே ஒரு விளக்கு, அது எந்தத் திசையில் இருக்கிறது, நகர்கிறதா?' என்ற கேள்வி அதற்குக் காதில் விழாது. பெரிய கப்பல்கள் தம் இருப்பிடத்தை ரேடியோ மூலம் அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவி வைத்திருக்கின்றன. அதை வாங்கிக் காட்டும் பெட்டி நம் படகில் இருந்தால் நல்லது. ஆனால் அது அறிவிக்கிறவர்களை மட்டும்தான் காட்டும். விளக்கில்லாமல் நங்கூரம் போட்டுக் கிடக்கிற படகையோ, மிதந்து வரும் மரத்தையோ, வலை மிதவையையோ அந்தத் திரை காட்டாது.

செல்போனுக்குள்ளும் காம்பஸ் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதுவும் பூமியின் காந்தத்தைத்தான் அளக்கிறது. பக்கத்திலேயே ஒலிபெருக்கிக் காந்தம், உறையில் ஒட்டுவதற்கு இன்னொரு காந்தம். ஈரக்கையால் தொட்டால் திரை கேட்பதில்லை, உச்சிவெயிலில் எழுத்துத் தெரிவதில்லை, உப்புத்தண்ணீரில் விழுந்தால் கதை முடிந்தது. கண்களால் பார்ப்பது, காதால் கேட்பது உட்பட எல்லா வழியிலும் எப்போதும் காவல் பார்க்க வேண்டும் என்று அந்த விதிகளின் ஐந்தாவது விதி சொல்கிறது. திரையைக் குனிந்து பார்ப்பவன் கடலைப் பார்ப்பதில்லை. தெருவில் பைக் ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறோமே, கடலில் மட்டும் வேறு மாதிரி நடந்துகொள்வார்களா?

இதைவிட வலுவான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. அதையும் நானே எடுத்து வைக்கிறேன். "சாதாரண 7×50 ஒன்று வாங்கு, தனியாகக் கையில் பிடிக்கும் காம்பஸ் ஒன்று வாங்கு. இரண்டும் சேர்ந்தே விலை குறைவு, ஒன்று கெட்டாலும் மற்றது இருக்கும்" என்று சில படகோட்டிகள் சொல்கிறார்கள். பணம் குறைவாக இருந்தால் அப்படியே செய்யுங்கள், குற்றமில்லை. இருபது மடங்கு பொம்மையை வாங்குவதைவிட நூறு பங்கு மேல். ஆனால் இரவில் துறைமுகத்துக்குத் திரும்பும்போது பாருங்கள். கரை முழுக்க ஓட்டல் விளக்குகள், சாலை விளக்குகள், செல்போன் கோபுரத்துச் சிவப்பு விளக்குகள். அவற்றுக்கு நடுவே நமக்கு வேண்டிய ஒரு விளக்கைப் பைனாகுலரில் தேடிப் பிடித்தோம். பைனாகுலரை இறக்கிவிட்டுக் காம்பஸை எடுத்துக் கண்ணருகே வைத்தால், வெறுங்கண்ணுக்கு அந்த விளக்கு கூட்டத்தில் தொலைந்துவிட்டது. எந்த விளக்கை அளக்கிறோம் என்று சத்தியம் செய்து சொல்ல முடியுமா? பார்ப்பதும் அளப்பதும் ஒரே கணத்தில், ஒரே கண்ணில் நடக்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் கூடுதல் விலை.

மூன்றாம் கட்சியினர், நம் வயது நண்பர்கள். "மீனவங்க காம்பஸ் வச்சா போனாங்க?" என்கிறீர்கள். போனார்கள், எப்படிப் போனார்கள் என்று வீராம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ வயதான ஒருவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். இந்தத் தோப்பும் அந்தக் கோபுரமும் ஒரே நேராக வர வேண்டும், வடக்கே இன்ன கட்டிடம் இன்ன இடத்தில் தெரிய வேண்டும், அப்போது கீழே பாறை இருக்கிறது, மீன் இருக்கிறது என்று சொல்வார்கள். இரண்டு கோடு வெட்டும் இடம்! நான் மேலே வரைபடத்தில் இழுத்த கோடுகளை அவர்கள் மனத்தில் இழுத்தார்கள். அவர்கள் திசை பார்க்காமல் போனதாகச் சொல்வது அவர்களைக் குறைத்துப் பேசுவது. உள்காம்பஸ் பைனாகுலர் அந்த வித்தைக்கு எதிரி அல்ல, வாரிசு.

அந்தப் பழைய குறிகள் இன்று எங்கே? தோப்பு மனைப் பிரிவாகிவிட்டது. கோபுரத்துக்கு முன்னால் நாலு மாடி ஓட்டல் எழுந்துவிட்டது. கரையின் மணலே இடம் மாறிவிட்டது என்பதை நம் கடற்கரைச் சாலையில் நடக்கிற எவரும் அறிவார். இரண்டு குறி ஒரே நேராக வரக் காத்திருந்த காலம் போய், மிச்சமிருக்கும் ஒவ்வொரு குறியையும் கோணத்தால் அளக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

காம்பஸ் இருந்தால் போதும் என்று எதையாவது வாங்கிவிடாதீர்கள். அலங்காரத்துக்காகக் குழாயின் மேல் பொத்தான் அளவு காம்பஸ் ஒட்டிய பைனாகுலர்கள் விற்கின்றன. அவை சாவிக்கொத்துக்கு ஏற்றவை. எண் பார்வைக்குள்ளேயே தெரிய வேண்டும், ஒரு டிகிரிக்கு ஒரு கோடு இருக்க வேண்டும், இரவில் படிக்க உள்விளக்கு இருக்க வேண்டும், திரவத்தில் குமிழி இருக்கக் கூடாது.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு விஷயத்தை எந்தக் கடைக்காரரும் சொல்லிக் கேட்டதில்லை. பூமியின் காந்தம் வடக்கே மட்டும் இழுப்பதில்லை, கீழ்நோக்கியும் இழுக்கிறது. பாரீஸிலோ பிரெஸ்டிலோ அந்தச் சாய்வு 60 டிகிரிக்கும் மேல். காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிப் போகிறது. அதனால்தான் திருவனந்தபுரத்துப் பக்கம் தும்பாவில் 1963-இல் ராக்கெட் ஏவுதளம் தொடங்கினார்கள். அங்கே அந்தச் சாய்வு ஏறக்குறைய இல்லை; நம் கரையிலும் மிகக் குறைவு. ஐரோப்பாவுக்கென்று எடை சமன் செய்த காம்பஸ் தட்டு இங்கே வந்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கலாம், உரசலாம், சிக்கலாம். பிரான்ஸிலிருந்து பிள்ளைகள் பாசத்தோடு வாங்கி வரும் பைனாகுலரை முதலில் இதற்காகச் சோதியுங்கள். சமமாகப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு முழு வட்டம் சுற்றுங்கள். தட்டு எங்கும் சிக்காமல் வழுவழுவென்று ஓட வேண்டும். பிறகு வரைபடத்தில் உள்ள இரண்டு இடங்களைத் தேர்ந்து, ஒன்றில் நின்று மற்றொன்றைப் பார்த்து, எண் வரைபடக் கோணத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் நம் கரையில் ஓரிரு டிகிரிதான் வித்தியாசம். அதற்கு மேல் பிசகினால், பக்கத்தில் இரும்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். படகிலும் எஞ்சின், ரேடியோ ஒலிபெருக்கி, இரும்புக் கம்பி ஆகியவற்றை விட்டுத் தள்ளி நின்றே படிக்க வேண்டும்.

நல்ல கடல் பைனாகுலரில் தூரம் கணிக்கும் அளவுக்கோடும் இருக்கும். கோபுரத்தின் உயரத்தை ஆயிரத்தால் பெருக்கி, அது மறைக்கும் மில் கோடுகளால் வகுத்தால் தூரம் மீட்டரில் கிடைக்கும். 50 மீட்டர் உயரக் கோபுரம் 10 மில் அளவு தெரிந்தால் 5,000 மீட்டர். நாலாம் வகுப்புக் கணக்கு. ஒரே குறி தெரிந்தாலும், கோணமும் தூரமும் சேர்ந்தால் இருப்பிடம் கிடைத்துவிடும்.

இவ்வளவு எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நான் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் ஒரு கொள்முதல் கோப்பு என் மேசையைக் கடந்து போனது. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அதில் எழுதியிருந்த விவரம்: 'பைனாகுலர், ஹை பவர், உறையுடன்.' அவ்வளவே. டெண்டர் விட்டார்கள், குறைந்த விலைக்காரருக்கு ஆர்டர் போனது, இருபது மடங்குப் பொருள் வந்து இறங்கியது. படகில் போனவர்கள் இரண்டு வாரம் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்துவிட்டு, பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். தணிக்கைக்காரர்கள் வந்தார்கள், எண்ணிப் பார்த்தார்கள், பதிவேட்டில் உள்ளது பீரோவிலும் இருந்தது, ஆட்சேபணை இல்லை. உண்மையில் ஹை பவர் கேட்டார்கள், ஹை பவர் கிடைத்தது. விற்றவரைக் குறை சொல்ல வழியில்லை. கொள்முதலின் தலையெழுத்து, விவரக் குறிப்பு எழுதுகிறவர் பேனாவில் இருக்கிறது. அவருக்குக் கடல் தெரியாவிட்டால் பணமும் போய்ப் பாதுகாப்பும் போகும்.

இன்றும் மீனவர் சங்கங்களும் படகு கிளப்புகளும் சுற்றுலாப் படகு நடத்துகிறவர்களும் அதே நாலு சொல்லை எழுதிக்கொண்டிருக்கலாம். அவர்களுக்காக, குமாஸ்தா பாஷையிலேயே ஒரு குறிப்பு எழுதித் தருகிறேன். அப்படியே எடுத்துக்கொள்ளலாம், பெயர் போட வேண்டாம்.

1. அளவு 7×50, மடங்கு மாற்றும் ஜூம் ஏற்கப்படாது. 
2. பார்வைக்குள்ளேயே படிக்கக்கூடிய, திரவத்தில் மிதக்கும் காம்பஸ், ஒரு டிகிரிப் பிரிவு, உள்விளக்கு, தென்னிந்தியக் கடற்பகுதியில் தட்டு சிக்காமல் சுழல வேண்டும், சோதித்த பிறகே ஏற்கப்படும். 
3. தூரம் கணிக்கும் மில் அளவுக்கோடு. 
4. நைட்ரஜன் நிரப்பி மூடிய உடல். 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் ஐ.பி.எக்ஸ். 7 தரம் அல்லது அதற்கு மேல். 
5. இரு கண்ணுக்கும் தனித்தனிக் குவியம். ஒருமுறை அவரவர் கண்ணுக்குத் திருகி வைத்தால், தூரத்தில் உள்ளதெல்லாம் தெளிவாகவே இருக்கும். அவசரத்தில் திருக வேண்டியதில்லை. 
6. ரப்பர் மேலுறை, மிதக்கும் கழுத்துப் பட்டை. காம்பஸோடு எடை ஒரு கிலோவைத் தொடும், அது குறையல்ல. 
7. கைநீட்டிப் பிடித்துப் பார்க்கும்போது பின்கண்ணாடியில் தெரியும் ஒளிவட்டம் முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் சதுரமாக வெட்டுப்பட்டுத் தெரிந்தால் ஏற்கப்படாது.

பயன்படுத்துகிறவர்களுக்கும் இரண்டு வரி: கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவிவிட்டுத்தான் துணியால் துடைக்க வேண்டும், இல்லையேல் உப்புத்தூளே கண்ணாடியைக் கீறும். எந்தக் காரணத்துக்காகவும் சூரியனைப் பார்க்கக் கூடாது.

விலை அதிகம் என்று முனகுகிறவர்களுக்கு ஒன்று கேட்கிறேன். ஒரு படகின் எஞ்சினுக்குக் கணக்குப் பார்க்காமல் கொடுக்கிறோம், வலைக்குக் கொடுக்கிறோம், படகின் பெயரை நாலு வண்ணத்தில் எழுதக் கொடுக்கிறோம். அதில் ஏறிப் போகிற நாலு பேரின் கண்ணுக்குக் கொடுக்கும்போது மட்டும் கை ஏன் சுருங்குகிறது? இருபது மடங்கு பெரிதாகக் காட்டும் பொருள் எதிரே வரும் கப்பலை இன்னும் பெரிதாகக் காட்டும். ஏழு மடங்கும் ஒரு காம்பஸ் எண்ணும் அது நம்மேல் வருகிறதா என்று சொல்லும். கடலில் கேட்க வேண்டிய கேள்வி இரண்டாவதுதான்.